ஒயின் வகைகளைப் புரிந்துகொள்வது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

திராட்சைப் பெயர்களை மனப்பாடம் செய்து ஒயினைக் கற்றுக்கொள்ளக் கிளம்புபவர்கள் பாதியில் கைவிடுவதற்குக் காரணம் உண்டு. பினோ நுவார் என்ற ஒரு கருந்திராட்சையையே எடுத்துக்கொள்ளுங்கள். பிரான்சின் பர்கண்டியில் அது மெல்லிய சிவப்பு ஒயின். ஷாம்பெயின் வட்டாரத்தில் அதே பழத்திலிருந்து வெளிர்நிறத்தில் நுரைத்துப் பொங்கும் ஒயின் வருகிறது. லுவார் ஆற்றங்கரையில் உள்ள சான்செரில் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயினாகவும் கிடைக்கும். பழத்தின் பெயர் ஒன்று. கிளாஸில் இருப்பதோ ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று பானங்கள்.

பழம், மண், வெயில் எல்லாம் முக்கியம்தான். ஆனால் புதிதாகக் கற்பவர் அங்கே தொடங்கினால் கடலில் இறங்கிய மாதிரி. பறித்த பழத்தை ஒயின்காரர் என்ன செய்தார் என்பதிலிருந்து தொடங்குவது சுலபம். ஏனென்றால் அவர் எடுக்கும் பெரிய முடிவுகள் மிகச் சில: சாறு தோலோடு ஊறியதா, சர்க்கரை மிச்சம் வைக்கப்பட்டதா, குமிழி உள்ளே அடைபட்டதா, மரமும் காற்றும் பட்டதா, ஸ்பிரிட் (காய்ச்சி வடித்த சாராயம்) சேர்ந்ததா. எந்தப் பாட்டிலையும் இதே வரிசையில் கேள்வி கேட்டுக்கொண்டே போனால் அதன் வகை தானாகப் பிடிபடும்.

படி 1: முதலில் நாக்கைப் பழக்குங்கள்

நம்மில் பலருக்கு முதல் ஒயின், கிறிஸ்துமஸுக்கு யாரோ வீட்டில் சர்க்கரை போட்டு ஊறவைத்தது. அல்லது கோவா போன நண்பர் வாங்கிவந்த, ‘போர்ட்’ என்று லேபிள் ஒட்டிய மலிவு பாட்டில். இரண்டுமே இனிக்கும். அந்த நினைப்போடு ‘டிரை’ எனப்படும் இனிப்பில்லாத ரெட் ஒயினை வாயில் வைப்பவர் முகம் சுளித்து, “புளிச்சுப் போச்சுப்பா” என்பார், இல்லாவிட்டால் “கசக்குது” என்பார். அவர் சொல்லும் குறை பெரும்பாலும் புளிப்பும் இல்லை, கசப்பும் இல்லை, துவர்ப்பு. இவற்றைப் பிரித்தறியாமல் மேற்கொண்டு போவதில் பயனில்லை.

வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒரு டம்ளரில் சர்க்கரை போடாத எலுமிச்சைத் தண்ணீர். இன்னொன்றில் பத்து நிமிடம் ஊறவிட்டு ஆறவைத்த கறுப்புத் தேநீர், பாலும் சர்க்கரையும் இல்லாமல். மூன்றாவதில் வெறும் சர்க்கரைத் தண்ணீர். எலுமிச்சை படும்போது தாடையின் இரு பக்கமும் எச்சில் சுரக்கும், அது புளிப்பு. தேநீர் ஈறுகளை உலர்த்தி நாக்கைச் சொரசொரப்பாக்கும், அது துவர்ப்பு. ரெட் ஒயினில் அந்த வேலையைச் செய்வது தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின். அடுத்து எலுமிச்சைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை சேருங்கள். புளிப்பின் அளவு மாறவேயில்லை, ஆனாலும் குறைந்தது போலத் தோன்றும். இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று மறைக்கும் இந்த விளையாட்டு படி 3-இல் மறுபடி வரும்.

இனிப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. பழ வாசனை தூக்கலாக இருந்தால் சர்க்கரையே இல்லாத ஒயினையும் இனிப்பு என்று மூளை எழுதிவிடும். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையை முகர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பழம் மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகம். இத்தாலியின் இனிப்பான மொஸ்காத்தோ ஒயினுக்குப் பயன்படும் திராட்சையும் அதே மஸ்கட் கூட்டத்தைச் சேர்ந்ததே. பிரான்சின் அல்சாஸில் மஸ்கட்டை டிரையாகவும் செய்கிறார்கள். மூக்கு இனிப்பு என்று அடித்துச் சொல்லும். நாக்கில் ஒன்றும் இருக்காது. சந்தேகம் வந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்துப் பாருங்கள். இனிப்பு காணாமல் போனால் அது வாசனை மட்டுமே.

கடைசியாக, தொண்டையில் இறங்கும் சூட்டையும் வாயில் உணரும் கனத்தையும் கவனியுங்கள். 11 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயின் தண்ணீராக ஓடும்; 14.5 சதவீதம் கெட்டியாக உருளும். ‘பாடி’ என்று ஒயின்காரர்கள் பேசுவது பெரும்பாலும் இதைத்தான்.

படி 2: தோலோடு எவ்வளவு நேரம்?

ஒரு கறுப்புத் திராட்சையை உரித்துப் பிழியுங்கள். ஒருசில ரகங்களைத் தவிர எதிலும் சாறு கிட்டத்தட்ட நிறமற்றுத்தான் வரும். நிறமும் துவர்ப்பும் தோலில் இருக்கின்றன. ஆகவே பழத்தைப் பிழிந்து, தோலை எறிந்துவிட்டுச் சாற்றை மட்டும் நொதிக்கவிட்டால் ஒயிட் ஒயின். கருந்திராட்சைத் தோலோடு நாள்கணக்கில் நொதித்தால் ரெட். சில மணிநேரம் மட்டும் தோலோடு வைத்து வடித்தால் ரோஸே. ரெட்டையும் ஒயிட்டையும் கலந்தால் ரோஸே வந்துவிடாதா என்று கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரண ரோஸேயை அப்படிச் செய்ய அனுமதியில்லை. ஷாம்பெயின் போன்ற குமிழி ரோஸேக்கு விதிவிலக்கு உண்டு.

நான்காவது சாத்தியம் ஒன்று உண்டு: வெள்ளைத் திராட்சையையும் தோலோடு ஊறவைப்பது. இதுதான் ஆரஞ்சு ஒயின். ஆரஞ்சுப் பழத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, நிறம் மட்டுமே அப்படி. ஜார்ஜியா நாட்டில் கிவெவ்ரி என்ற பெரிய மண்சாடிகளைத் தரைக்குள் புதைத்து, சாறும் தோலும் சேர்த்து மாதக்கணக்கில் விடுகிறார்கள். 2013-இல் யுனெஸ்கோ இந்த முறையைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பழம் வெள்ளை, ஆனால் வாயில் ரெட் மாதிரித் துவர்க்கும். முதல் முறை குடிப்பவர்கள் பெரும்பாலும் குழம்பிப்போவார்கள். எனக்கு அந்தக் குழப்பமே பிடிக்கும்.

நிறத்தை வைத்து வலிமையை எடைபோட வேண்டாம். வட இத்தாலியின் பரோலோ, நெபியோலோ திராட்சையில் செய்வது. கிளாஸில் ஊற்றினால் மங்கலான செங்கல் நிறம், பாவம் போல இருக்கும். வாயில் வைத்தால் ஈறு இழுத்துக்கொள்ளும் துவர்ப்பு. குறைந்தது 38 மாதம் வைத்திருந்த பிறகே விற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எதிர்முனையில் பிரான்சின் போஜொலே: காமே திராட்சையை முழுக்குலையாகக் கரியமில வாயு நிறைந்த தொட்டியில் போட்டு, பழத்துக்குள்ளேயே நொதித்தலைத் தொடங்கவிடுவார்கள். துவர்ப்பு அதிகம் இறங்காது, பழ வாசனை தூக்கும். அதில் ‘நூவோ’ என்ற புத்தம்புது ஒயின், பறித்த சில வாரங்களிலேயே, நவம்பர் மூன்றாம் வியாழக்கிழமை விற்பனைக்கு வந்துவிடும்.

படி 3: சர்க்கரை எங்கே போனது?

வகைகளைப் பிரிப்பதில் மிகவும் பயன்படும் கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நின்று போவோம்.

ஈஸ்ட், சாற்றில் உள்ள சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. ஒரு லிட்டரில் ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை தீர்ந்தால் 1 சதவீத ஆல்கஹால் என்று தோராயக் கணக்கு. லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை உள்ள சாறு முழுதும் நொதித்தால் கிட்டத்தட்ட 13 சதவீதம். சர்க்கரை ஏறக்குறைய எதுவும் மிஞ்சாத இந்த நிலைக்குப் பெயர்தான் ‘டிரை’. கடைகளில் இருக்கும் ஒயினில் பெரும்பகுதி இதுவே.

இப்போது ஜெர்மனியின் மொசெல் ஆற்றங்கரையிலிருந்து வரும் ரீஸ்லிங் கபினெட் என்ற ஒயிட் ஒயின் ஒன்றில் 8 சதவீதம் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டுச் சாறு என்பதால் தொடக்கச் சர்க்கரை 180 கிராம்தான் என்றே கொள்வோம். எட்டைப் பதினேழால் பெருக்கினால் 136. மீதி 44 கிராம் எங்கே? பாட்டிலுக்குள். பாதியில் குளிரவைத்து, ஈஸ்டை வடிகட்டி நொதித்தலை நிறுத்தியிருக்கிறார்கள். ஆனால் அந்த ஒயினின் புளிப்பு அவ்வளவு கூர்மை என்பதால் 44 கிராம் திகட்டவே திகட்டாது. எலுமிச்சைத் தண்ணீர்ச் சோதனை இங்கேதான் கைகொடுக்கிறது. ஆக, ஸ்பிரிட் சேராத ஒயிட் ஒயினில் ஆல்கஹால் 10 சதவீதத்துக்கும் கீழே இருந்தால் இனிப்பை எதிர்பாருங்கள். ஜெர்மன் லேபிளில் ‘ட்ரோக்கன்’ (trocken) என்று இருந்தால் டிரை. அது ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பாதி ஏமாற்றம் குறையும்.

மொஸ்காத்தோ தாஸ்தியும் இதே கணக்குதான்: 5 சதவீதம் அளவில் நிறுத்தப்பட்டு, இனிப்பும் லேசான குமிழியுமாக வரும்.

நொதித்தலை நிறுத்தாமலும் இனிப்பு வரும். சாற்றையே அவ்வளவு கெட்டியாக்கிவிட்டால் ஈஸ்ட் தின்று தீர்க்க முடியாமல் சோர்ந்துவிடும். கெட்டியாக்க மூன்று வழி.

முதல் வழி உலர்த்துவது. வெரோனா அருகே வால்பொலிசெல்லாவில் கருந்திராட்சைக் குலைகளை மாதக்கணக்கில் காற்றோட்டமான பரண்களில் வாடவைப்பார்கள். அதன் நொதித்தல் இனிப்பு மிஞ்ச நின்றுவிட்டால் ரெச்சோத்தோ. கடைசிவரை ஓடவிட்டால் அமரோனே, 15 சதவீதத்தையும் தாண்டும் கனத்த டிரை ரெட். பழமும் பரணும் ஒன்றே. நொதித்தல் நிற்கும் நேரம் மட்டும் வேறு.

இரண்டாவது உறையவைப்பது. ஜெர்மனியின் ஐஸ்வைனுக்குப் பழம் கொடியிலேயே மைனஸ் 7 டிகிரியில் உறைந்திருக்க வேண்டும். கனடாவில் மைனஸ் 8. விடியற்காலை இருட்டில் பறித்து உறைநிலையிலேயே பிழிந்தால் தண்ணீர் பனிக்கட்டியாக நின்றுவிடும், தேன் போன்ற சாறு மட்டும் சொட்டும்.

மூன்றாவது பூஞ்சை. போர்தோவுக்குத் தெற்கே சோட்டர்னில், குளிர்ந்த சிரோன் சிற்றாறு வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் கலக்கிறது. இலையுதிர்காலக் காலைகளில் மூடுபனி எழும், மதியம் வெயில் அதைக் கலைக்கும். இந்த ஈரமும் உலர்ச்சியும் மாறிமாறி வருவதால் பொட்ரைட்டிஸ் என்ற பூஞ்சை தோலைத் துளைத்து நீரை ஆவியாக்கும். நாள் முழுக்க ஈரமாக இருந்தால் அதே பூஞ்சை பழத்தை அழுகவைத்துவிடும். எல்லாப் பழத்திலும் ஒரே நாளில் பிடிக்காது என்பதால் பறிப்பவர்கள் ஒரே தோட்டத்துக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். விலை ஏன் அப்படி என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஹங்கேரியின் டோகாய் அசூவும் இப்படிப்பட்டதே. லிட்டருக்குக் குறைந்தது 120 கிராம் சர்க்கரை, அதாவது கோலா பானத்தைவிட அதிகம். குடித்தால் அப்படித் தோன்றாது, புளிப்பு அதைத் தாங்கி நிற்கும். இனிப்பு ஒயின் என்றாலே தரம் குறைந்தது என்று நினைப்பவர்களிடம் நான் விவாதிப்பதில்லை, இதில் ஒரு சிறு கிளாஸ் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன்.

படி 4: குமிழி எங்கே உருவானது?

நொதித்தலில் வரும் வாயுவை வெளியேவிடாமல் அடைத்தால் குமிழி ஒயின். ஷாம்பெயினில், ஏற்கெனவே தயாரான ஒயினைச் சர்க்கரையும் ஈஸ்டும் சேர்த்துப் பாட்டிலில் அடைத்து, உள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவிடுகிறார்கள். உள்ளே அழுத்தம் 6 வளிமண்டலம் வரை ஏறும். கார்க்கை யார் முகத்துக்கும் நேராகத் திறக்காதீர்கள். செத்த ஈஸ்டோடு மாதக்கணக்கில் கிடப்பதால் ரொட்டி, பிஸ்கட் வாசனை ஏறுகிறது. ஆண்டு குறிப்பிடாத ஷாம்பெயினுக்குக் குறைந்தது 15 மாதம், ஆண்டு குறிப்பிட்டதற்கு 3 ஆண்டு. ஸ்பெயினின் காவாவும் இதே முறை, 9 மாதத்திலிருந்து.

இத்தாலியின் புரொசெக்கோவுக்கு இரண்டாம் நொதித்தல் பெரும்பாலும் பெரிய எஃகுத் தொட்டியில் நடக்கிறது. வேலை சீக்கிரம் முடியும், ரொட்டி வாசனைக்கு நேரமில்லை, பேரிக்காய் போன்ற பழ வாசனை அப்படியே நிற்கும். விலை குறைவு என்பதற்காக அதை ஷாம்பெயினின் ஏழைத் தம்பி என்று நினைப்பது தப்பு. அது வேறு வகை.

இந்த வகையில் கடைக்காரரே தடுமாறும் விஷயம் இனிப்பு அளவுப் பெயர்கள். ‘எக்ஸ்ட்ரா டிரை’ என்பது ‘புரூட்’டைவிட இனிப்பு. புரூட் என்றால் லிட்டருக்கு 12 கிராமுக்குள். எக்ஸ்ட்ரா டிரை 12 முதல் 17. டெமி-செக் 32 முதல் 50. சர்க்கரையே வேண்டாதவர்களுக்கு புரூட் நேச்சர், 3 கிராமுக்கும் கீழே.

படி 5: மரம் பட்டதா, காற்று பட்டதா?

எஃகுத் தொட்டியில் வைத்த ஒயின் பழ வாசனையைக் காப்பாற்றும். ஓக் பீப்பாய் இரண்டு வேலை செய்யும்: தன் வாசனையைக் கொடுக்கும், மரத்தின் வழியே மெல்லக் காற்றையும் உள்ளே விடும். அமெரிக்க ஓக் என்றால் தேங்காய், வெனிலா தூக்கலாக இருக்கும். ஸ்பெயினின் ரியோகாவில் இதை லேபிளிலேயே படிக்கலாம்: ரெசெர்வா என்றால் ரெட்டுக்கு மொத்தம் 3 ஆண்டு, அதில் ஓராண்டாவது ஓக்கில், கிரான் ரெசெர்வா 5 ஆண்டு, அதில் குறைந்தது இரண்டு ஆண்டு ஓக்கில். பல நாடுகளில் ‘ரிசர்வ்’ என்ற சொல்லுக்குச் சட்டப் பொருளே கிடையாது, அழகுக்கு அச்சடித்தது.

ஷார்டனே என்ற வெள்ளைத் திராட்சையின் ஒயினைக் குடித்துவிட்டு “வெண்ணெய் மாதிரி இருக்கிறது” என்று யாராவது சொன்னால் அது முழுக்க ஓக்கின் வேலை என்று நினைக்க வேண்டாம். பச்சை ஆப்பிளில் உள்ள மாலிக் அமிலத்தைப் பாக்டீரியா, தயிரில் உள்ள லாக்டிக் அமிலமாக மாற்றும்போது வரும் டையசெட்டைல் என்ற பொருளே அந்த வாசனை. இதே மாற்றத்தால் புளிப்பும் மென்மையாகும்.

படி 6: ஸ்பிரிட் சேர்ந்ததா, எப்போது?

லேபிளில் 15 முதல் 22 சதவீதம் வரை இருந்தால் திராட்சை ஸ்பிரிட் சேர்த்த ஒயினாக இருக்கலாம். எப்போது சேர்த்தார்கள் என்பதில்தான் வகை இருக்கிறது.

போர்ச்சுகலின் டூரோ பள்ளத்தாக்கில் பாதி நொதித்தலிலேயே 77 சதவீத ஸ்பிரிட்டை ஊற்றுவார்கள். ஈஸ்ட் அங்கேயே சாகும், சர்க்கரை லிட்டருக்கு 100 கிராம் அளவில் தங்கும், மொத்தம் 20 சதவீதம் சுற்றி வரும். இதுதான் உண்மையான போர்ட். 1756-இலேயே போர்ச்சுகலின் அமைச்சர் பொம்பால் பிரபுவின் காலத்தில் இது விளையும் வட்டாரத்துக்கு எல்லை வரையறுத்துவிட்டார்கள். கோவா பாட்டிலில் இருக்கும் பெயர் வெறும் பெயர்தான். பெரிய தொட்டியில் காற்றுப்படாமல் வைத்தால் கருஞ்சிவப்பான ரூபி. சிறு பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் காற்றுப்பட விட்டால் நிறம் வெளுத்து, வறுத்த கொட்டை வாசனை ஏறிய டானி.

ஷெர்ரி ஒயினின் ஊரான தெற்கு ஸ்பெயினின் ஹெரெஸில் முதலில் டிரையாக நொதித்து முடித்துவிட்டுப் பிறகே ஸ்பிரிட் சேர்க்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதில் ஒரு நுட்பம். 15 சதவீதம் வரை ஏற்றினால் பீப்பாயில் ஒயினின் மேற்பரப்பில் ‘ஃபுளோர்’ என்ற ஈஸ்ட் ஆடை படரும். அது காற்றைத் தடுக்கும். பாதாம், ரொட்டி மாவு வாசனை கொண்ட வெளிர்நிற ஃபினோ கிடைக்கும். 17-க்கு ஏற்றினால் அந்த ஆடை பிழைக்காது, காற்று தாராளமாகப் படும், பழுப்பான ஒலொரோசோ வரும். முதலில் ஆடைக்குக் கீழே இருந்து, பிறகு ஆடை போய்க் காற்றுக்கு வந்தது அமோன்டியாடோ. மூன்றுக்கும் திராட்சை ஒன்றுதான், பலோமினோ. ஸ்பிரிட் சேர்க்காமல் சாதாரணமாகச் செய்தால் அது பெரிதாக ஒரு ருசியும் இல்லாத ஒயின். வெயிலில் உலர்த்திய பெத்ரோ ஹிமேனெஸ் திராட்சையில் செய்வது மட்டும் கருப்பட்டிப் பாகு போல இருக்கும்.

போர்ச்சுகலின் மதைரா தீவிலிருந்து வரும் மதைரா ஒயின் இன்னும் விசித்திரம். அத்தீவில் நின்று இந்தியாவுக்குப் போன கப்பல்களில் ஏற்றிய பீப்பாய்கள் வெப்பமண்டலச் சூட்டில் வெந்து, கெடாமல் மேலும் ருசியேறின. மதராசின் கம்பெனி துரைமார்கள் விரும்பிக் குடித்த ஒயின்களில் அதுவும் ஒன்று. இன்று கப்பலுக்குப் பதில் தொட்டியில் 45 முதல் 50 டிகிரியில் மூன்று மாதமாவது சூடேற்றுகிறார்கள். உயர்ந்த ரகங்களை வெயில் படும் பரண்களில் ஆண்டுக்கணக்கில் விடுகிறார்கள்.

படி 7: ஜோடியாக வைத்து ருசியுங்கள்

ஒற்றைப் பாட்டில் எதையும் கற்றுத்தராது. ஒரே ஒரு முடிவு மட்டும் வேறுபடும் இரண்டை அருகருகே வையுங்கள்: ஓக் படாத ஷாப்லியும் (அதுவும் ஷார்டனேதான்) ஓக்கில் வைத்த ஷார்டனேயும், புரொசெக்கோவும் காவாவும், ரூபியும் டானியும், டிரை ரீஸ்லிங்கும் கபினெட்டும். இந்தியாவில் மட்டும் வாங்க முடிந்தவர்கள் நாசிக்கின் செனின் பிளாங்க், ஷிராஸ், பாட்டிலிலேயே இரண்டாவது முறை நொதித்த புரூட் மூன்றையும் வைத்துத் தொடங்கலாம். 750 மில்லி பாட்டில் ஒன்றில் பன்னிரண்டு பேருக்கு 60 மில்லி வரும். ஆறேழு நண்பர்கள் சேர்ந்தால் செலவும் போதையும் கட்டுக்குள் இருக்கும். ருசித்துவிட்டுத் துப்பக் கிண்ணம் வையுங்கள். இந்த உலகில் துப்புவது மரியாதைக் குறைவு இல்லை.

வரிசை: குமிழி, ஒயிட், ரோஸே, ரெட், கடைசியில் இனிப்பும் ஸ்பிரிட் சேர்ந்ததும். இனிப்பை முன்னால் வைத்தால் பின்னால் வரும் டிரை எல்லாம் எலுமிச்சை ஆகிவிடும்.

ரெட்டை அறைச்சூட்டில் பரிமாற வேண்டும் என்பார்கள். அது ஐரோப்பியப் பழைய வீடுகளின் அறை, 16, 17 டிகிரி. சென்னை மே மாதத்து அறை இல்லை. 30 டிகிரியில் ரெட் குடித்தால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுங்கள். குமிழி ஒயினுக்கு 6 முதல் 8 டிகிரி, ஒயிட்டுக்கு 8 முதல் 12 போதும்.

சாப்பாட்டோடு என்றால் ஒரே எச்சரிக்கை. மிளகாய்க் காரத்தை ஆல்கஹாலும் துவர்ப்பும் கிளறிவிடும். செட்டிநாட்டுக் கோழிக்கு 15 சதவீத ரெட் வைத்தால் இரண்டுமே வீண். ஆல்கஹால் குறைந்த, கொஞ்சம் இனிப்புள்ள ரீஸ்லிங் அங்கே நன்றாக நிற்கும். வறுத்த மீனுக்கு ஃபினோவோ புரூட்டோ. டானியை மைசூர்பாக்கோடு ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

மிச்சமான பாட்டில்களை மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், ரெட்டையும் சேர்த்து. குமிழி ஒன்றிரண்டு நாள், அதற்கென்று உள்ள இறுக்கு மூடி இருந்தால். ஒயிட்டும் ரெட்டும் மூன்று நான்கு நாள். ஃபினோ ஒரு வாரம். டானி ஒரு மாதம்கூடத் தாங்கும். மதைராவை மாதக்கணக்கில் அலமாரியில் மறந்துவிட்டாலும் ஒன்றும் ஆகாது.